அந்தக் கட்டுரையை யார் எழுதச் சொன்னது? நாளிதழ்களின் கருத்துப் பக்கத்துக்குள் கம்பெனி கிளையண்ட் வரும் வழி

2022 மார்ச் 12. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெளியாகும் 'டென்வர் போஸ்ட்' நாளிதழில் ஒரு வாசகர் கடிதம். எழுதியவர் சமீபத்தில் பெற்றோர் ஆனவர். டிக்டாக் குழந்தைகளின் மனநலத்தைக் கெடுக்கிறது, நம் தகவல்கள் எங்கே போகின்றன என்றே தெரியவில்லை என்று அதில் கவலைப்பட்டிருந்தார். அதே நாளில் அயோவா மாநிலத்தின் 'டெமாய்ன் ரெஜிஸ்டர்' நாளிதழிலும் கிட்டத்தட்ட அதே கவலையோடு ஒரு கடிதம். அதில் இருந்தது உள்ளூர் கட்சி நிர்வாகி ஒருவரின் பெயர்.

படித்தவர்களுக்கு இரண்டும் சாதாரணக் கடிதங்கள்தான். ஆனால் மார்ச் 30-ம் தேதி 'வாஷிங்டன் போஸ்ட்' இதன் பின்கதையை வெளியிட்டது. இரண்டு கடிதங்களுக்கும் பின்னால் இருந்தது 'டார்கெட்டட் விக்டரி' என்ற அரசியல் ஆலோசனை நிறுவனம். அதற்குப் பணம் கொடுத்தது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா. டிக்டாக்குக்கு எதிராக மக்கள் மனநிலையைத் திருப்ப, பல மாநிலங்களின் பிராந்திய நாளிதழ்களில் கருத்துக் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் வர வைப்பதுதான் வேலை. எதிலும் மெட்டாவின் பெயர் இல்லை.

மெட்டா இதை மறுக்கவில்லை. எல்லா தளங்களும் அவற்றின் வளர்ச்சிக்கு ஏற்ற அளவு கேள்விகளைச் சந்திக்கத்தான் வேண்டும் என்பது அதன் செய்தித் தொடர்பாளர் சொன்ன பதில். தன் வேலையைப் பற்றிப் பெருமைப்படுவதாக ஆலோசனை நிறுவனமும் சொன்னது.

இதே ஃபேஸ்புக் இந்தியாவில் முதன்முதலில் அலுவலகம் திறந்த ஊர் ஹைதராபாத், 2010-ல். இந்தியாவில் இப்படி ஒரு பிரச்சாரம் நடந்ததாக அந்தச் செய்தி எதுவும் சொல்லவில்லை. இங்கே டிக்டாக் 2020 ஜூனிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அந்த முறை நமக்குப் புதுசு இல்லை. ஹைதராபாத்தை மையமாக வைத்தே சில உதாரணங்களைப் பார்க்கலாம்.

முதலில், இது எப்படி நடக்குது?

பி.ஆர். துறையில் இதற்குப் பெயர் 'ஆதர்டு ஆர்ட்டிகிள்'. மாதாந்திர ஒப்பந்தத்தில், இத்தனை பத்திரிகைச் செய்தி, இத்தனை பேட்டி, இத்தனை ஆதர்டு ஆர்ட்டிகிள் என்று எண்ணிக்கையோடு எழுதப்படும் ஒரு சாதாரண வேலை இது.

வழக்கமான வரிசை இப்படி இருக்கும். கிளையண்டுக்கு ஒரு பிரச்னை: புதிய வரி வரப்போகிறது, விலைக் கட்டுப்பாடு வரப்போகிறது, அல்லது ஒரு தொழிற்சாலைக்கு எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. ஏஜென்சி முதலில் 'கீ மெசேஜ்' மூன்று நான்கை முடிவு செய்யும். பிறகு ஜூனியர் ஒருவர் 800 வார்த்தையில் டிராஃப்ட் போடுவார். கிளையண்ட்டின் சட்டப் பிரிவு அதைத் திருத்தும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி வரும்: யார் பெயரில் போடுவது?

கம்பெனியின் சி.இ.ஓ. பெயரில் வந்தால் பிரச்னையே இல்லை. யார் பேசுகிறார்கள் என்று வாசகருக்குத் தெரியும். ஆனால் அதற்கு மதிப்பு குறைவு. 'தன் சரக்கைத்தானே விக்கிறாரு' என்று ஒரே வரியில் கடந்துபோய்விடுவோம். அதனால் ஓய்வுபெற்ற அதிகாரி, பேராசிரியர், பொருளாதார நிபுணர், விவசாய சங்கத் தலைவர், நுகர்வோர் அமைப்பு நிர்வாகி என்று நடுநிலையாகத் தெரியும் ஒருவரைத் தேடுவார்கள். அவருக்கு அந்தக் கருத்தில் உண்மையிலேயே உடன்பாடு இருக்கலாம். ஆலோசனைக் கட்டணமோ, கருத்தரங்க அழைப்போ கிடைத்திருக்கலாம். எதுவுமே கிடைக்காமல், பேப்பரில் பெயர் வந்தால் போதும் என்றும் இருக்கலாம்.

கடைசியில் கட்டுரை எடிட்டருக்குப் போகும். வெளிவந்ததும் கட்டிங் எடுத்து, கவரேஜ் டாசியரில் ஒட்டி, 'இதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்' என்று கணக்குப் போட்டு கிளையண்டுக்கு அனுப்புவார்கள். இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் உண்மையான மதிப்பைக் காட்டாது என்று துறையின் சர்வதேச அமைப்புகளே 2010-ல் பார்சிலோனாவில் கூடித் தீர்மானம் போட்டன. ஆனாலும் அந்தக் கணக்கு போன பாடில்லை.

ஏன் பிராந்திய நாளிதழ்?

டெல்லியில் வரும் ஆங்கில நாளிதழை அமைச்சர்கள் படிப்பார்கள். ஆனால் தொகுதி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அமைச்சருக்குக் காட்டுவது மாநில மொழிப் பேப்பர்தான். நிலம் கையகப்படுத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் மாவட்டத்தில் நடக்கிறது. பி.டி. விதையின் விலையை முன்பு மாநில அரசு முடிவு செய்தது. அங்கே தெலுங்கிலோ தமிழிலோ வந்த ஒரு நடுப்பக்கக் கட்டுரைக்கு இருக்கும் எடை தனி.

தெலுங்குப் பத்திரிகை உலகம் இதற்கு நல்ல உதாரணம். 1974-ல் விசாகப்பட்டினத்தில் ராமோஜி ராவ் தொடங்கிய 'ஈநாடு', 1989 வாக்கில் மாவட்டத்துக்கு ஒரு தனி இணைப்பைக் கொண்டுவந்தது. ஊர்ச் செய்தியும் ஊர் விளம்பரமும் ஒரே இடத்தில் சேர்ந்தன. பிறகு மற்ற நாளிதழ்களும் அதே வழியில் போயின. விளைவு: கிராமம் வரை பேப்பர் போனது. அதே வழியில் கம்பெனியின் செய்தியும் கிராமம் வரை போக முடிந்தது.

இன்னொரு காரணம் ஆள் பற்றாக்குறை. மாநில மொழி நாளிதழின் கருத்துப் பக்கத்தைப் பல இடங்களில் இரண்டு மூன்று பேர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல மொழியில், சரியான நீளத்தில், பெரிய பதவிப் பெயரோடு, இலவசமாக ஒரு கட்டுரை இன்பாக்ஸில் வந்து நிற்கிறது. அதைத் திருப்பி அனுப்ப எடிட்டருக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம்தான் அவர் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டிருக்கிறது.

ஹைதராபாத்தில் என்ன நடந்தது? ஒரு விதைப் பாக்கெட்டின் கதை

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அதன் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரம். 2004-ல் வாரங்கல் பகுதியில் மகசூல் பொய்த்துப்போன புகார்கள் கிளம்பின. 2005-ல் ஆந்திராவில் மகிகோவின் மூன்று ரகங்களுக்கான அனுமதி நீட்டிக்கப்படவில்லை.

அடுத்து விலைச் சண்டை. அப்போது 450 கிராம் பி.டி. விதைப் பாக்கெட் சுமார் ரூ.1,600 முதல் ரூ.1,850 வரை விற்றது. அதில் ரூ.1,250 தொழில்நுட்பக் கட்டணம். 2006 தொடக்கத்தில் ஹைதராபாத்தில் இருந்த மாநில அரசு, மகிகோ மான்சாண்டோ பயோடெக் நிறுவனத்துக்கு எதிராக ஏகபோக வர்த்தகத் தடுப்பு ஆணையத்துக்குப் போனது. அந்த ஆண்டு மே மாதம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டது. மாநில அரசு பாக்கெட் விலையை ரூ.750 என்று நிர்ணயித்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

ஒரு பாக்கெட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரை குறைந்தது. இத்தனை பணம் ஒரு மாநில அரசின் முடிவில் தொங்கும்போது, பொதுமக்கள் அந்த விதையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதும் கம்பெனிக்கு ஒரு வணிகக் கேள்விதான்.

தெலங்கானாவின் ஆதிலாபாத்தைத் தாண்டினால் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டம். அதே பருத்தி, அதே கடன். 2008 அக்டோபர் 31 அன்று 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் நாக்பூர் பதிப்பில் ஒரு முழுப்பக்கச் செய்தி வந்தது. யவத்மாலின் பாம்ப்ராஜா, அந்தர்காவ் என்ற இரண்டு கிராமங்கள் பி.டி. பருத்தியால் செழித்துவிட்டன, அங்கே ஒரு விவசாயி தற்கொலைகூட நடக்கவில்லை என்பது சாரம். செய்தியாளர்களின் பயணத்தை ஏற்பாடு செய்தது மகிகோ மான்சாண்டோ பயோடெக் என்று அதிலேயே சிறு குறிப்பு இருந்தது.

கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்ட் 28 அன்று, அதே செய்தி மறுபடி அதே குழுமத்தின் நாளிதழில் முழுப்பக்கமாக வந்தது. இந்த முறை அது விளம்பரம். 'நுகர்வோர் தொடர்பு முயற்சி' என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த மாதம்தான் பயோடெக்னாலஜி ஒழுங்குமுறை ஆணைய மசோதா நாடாளுமன்றப் பட்டியலில் வந்து, அறிமுகமாகாமல் நின்றிருந்தது.

2012 மார்ச்சில் வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பாம்ப்ராஜாவுக்கே போனது. 'எங்க ஊர்ல பதினாலு பேர் தற்கொலை செஞ்சிருக்காங்க' என்ற பொருளில் கிராமத்தினர் எம்.பி.க்களிடம் சொன்னார்கள். 2012 மே 10 அன்று 'தி இந்து'வில் பி. சாய்நாத் இதையெல்லாம் கோத்து எழுதினார். 2003 முதல் 2009 வரை அந்த ஊரில் ஒன்பது தற்கொலைகளைச் சரிபார்க்க முடிந்தது என்றும் பதிவு செய்தார். 2008-ல் வந்தது செய்தியாளர்களின் சொந்தச் செய்தி, 2011-ல் வந்தது அதன் மாற்றமில்லாத மறுபதிப்பு, மார்க்கெட்டிங் பக்கமாக வெளியிடப்பட்டது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

பி.டி. பருத்தி நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வி இல்லை. அதை ஆதரிக்கும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு ஒரே காரணம் விதை என்று சொல்வதும் சரியாக இருக்காது. ஆனால் கொள்கை முடிவு எடுக்கும் நேரத்தில், கம்பெனி ஏற்பாடு செய்த பயணத்தில் பிறந்த ஒரு செய்தி, விளம்பரமாகத் திரும்பி வந்தது. நிஜ கிராமத்தில் நிஜமாக இறந்தவர்கள் கணக்கில் வராமல் போனார்கள். இந்த விஷயத்தில் இழப்பு என்றால் இதுதான்.

அதே கம்பெனி, இன்னொரு நாடு

அது செய்திப் பக்கம். கருத்துப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மான்சாண்டோவே இன்னொரு உதாரணம் தந்தது.

அமெரிக்காவில் ஹூவர் இன்ஸ்டிடியூஷனைச் சேர்ந்த ஹென்றி மில்லர் 2015-ல் 'ஃபோர்ப்ஸ்' தளத்தில் ஒரு கருத்துக் கட்டுரை எழுதினார். களைக்கொல்லி கிளைஃபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சொன்ன சர்வதேச ஆய்வு நிறுவனத்தை அதில் விமர்சித்திருந்தார். 2017-ல் நீதிமன்ற வழக்கில் மான்சாண்டோவின் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. இதைப் பற்றி எழுத விருப்பமா என்று கம்பெனி கேட்டிருக்கிறது. தரமான டிராஃப்ட் கொடுத்தால் எழுதுகிறேன் என்று அவர் பதில் போட்டிருக்கிறார். கம்பெனி கொடுத்த டிராஃப்ட்டும் வெளிவந்த கட்டுரையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

கருத்து அவருடையதுதான், நாங்கள் ஆரம்ப டிராஃப்ட் மட்டும் கொடுத்தோம் என்றது மான்சாண்டோ. ஃபோர்ப்ஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவருடைய கட்டுரைகளைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டு உறவை முறித்துக்கொண்டது. எழுதுபவர்கள் தங்களுக்கு இருக்கும் தொடர்புகளைச் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களுடைய ஒப்பந்த விதி.

கவனியுங்கள், இது வெளியே வந்ததற்குக் காரணம் பத்திரிகையாளரின் சந்தேகம் இல்லை. புற்றுநோய் வந்தவர்கள் தொடுத்த வழக்கில் கம்பெனி தன் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்த வழக்கு இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை இன்னும் இணையத்தில் இருந்திருக்கும்.

காக்கிநாடா கடலின் எரிவாயுவும் டெல்லிப் பத்தியும்

நம்ம நாட்டில் இப்படி ஒரு கதவு திறந்தது 2010 நவம்பரில். பி.ஆர். ஆலோசகர் நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களை வருமான வரித் துறை 2008-09-ல் பதிவு செய்திருந்தது. அதன் ஒரு பகுதியை 'ஓப்பன்', 'அவுட்லுக்' இதழ்கள் வெளியிட்டன. அவருடைய கிளையண்டுகளில் டாடாவும், முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸும் இருந்தன.

அப்போது அம்பானி சகோதரர்களுக்குள் பெரிய சண்டை. ஆந்திரக் கடற்கரைக்கு அப்பால், கிருஷ்ணா-கோதாவரி படுகையில் கிடைத்த எரிவாயுவை என்ன விலைக்கு யாருக்குக் கொடுப்பது என்பது வழக்கு. 2009 ஜூன் 15 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அனில் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அடுத்த சில நாட்களில், மூத்த பத்திரிகையாளர் வீர் சாங்வி தன் பத்தியில் இந்த விஷயத்தை எந்தக் கோணத்தில் எழுதுவது என்று ராடியாவிடம் பேசுவதாக ஒரு பதிவு வெளியானது. ஜூன் 21 அன்று 'இந்துஸ்தான் டைம்ஸ்' பத்தி இயற்கை வளங்களைப் பற்றியே பேசியது.

சாங்வி குற்றச்சாட்டை மறுத்தார். யாருக்காகவும் எழுதவில்லை, செய்தி மூலங்களிடம் அப்படிப் பேசுவது வழக்கம்தான் என்றார். பதிவு திருத்தப்பட்டது என்றும் பின்னர் சொன்னார். பத்தியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார். எரிவாயு வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் முகேஷ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022-ல், இந்த உரையாடல்களில் குற்றம் எதுவும் தெரியவில்லை என்று சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அந்தக் கடைசி வரி முக்கியம். பி.ஆர். ஆலோசகர் ஒரு பத்தி எழுத்தாளரிடம் தன் கிளையண்ட்டின் நியாயத்தை எடுத்துச் சொல்வது இந்தியாவில் குற்றம் இல்லை. அதைச் சொல்லாமல் விடுவதும் குற்றம் இல்லை.

'பெய்ட் நியூஸ்' விதி இதைப் பிடிக்காதா?

பிடிக்காது. ஏன் என்று புரிய மறுபடி ஹைதராபாத்துக்கு வரணும்.

2009 தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்தி போட்டதாகப் புகார் எழுந்தபோது, முதலில் குரல் கொடுத்தவற்றில் ஒன்று ஆந்திர உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம். லோக் சத்தா வேட்பாளர் ஒருவர், ஒரு தெலுங்கு நாளிதழில் தன்னைப் பற்றிச் செய்தி வரக் கொடுத்த தொகையைத் தேர்தல் செலவுக் கணக்கிலேயே காட்டினார். இந்தியப் பத்திரிகை கவுன்சில் ஒரு துணைக்குழு அமைத்தது. அதன் இருவரில் ஒருவர் பரஞ்ஜோய் குஹா தாக்குர்தா, இன்னொருவர் ஹைதராபாத் பத்திரிகையாளர் கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி. பத்திரிகைகளின் பெயரோடு 71 பக்க அறிக்கையை 2010-ல் கொடுத்தார்கள். கவுன்சில் அதை அப்படியே வெளியிடாமல் சுருக்கி ஒன்றை வெளியிட்டது. 2011-ல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் முழு அறிக்கை அதிகாரப்பூர்வமாக இணையத்தில் ஏறியது.

பெய்ட் நியூஸ் என்பதற்கு கவுன்சில் தந்த விளக்கம்: பணமாகவோ பொருளாகவோ விலை பெற்றுக்கொண்டு வெளியிடப்படும் செய்தி அல்லது ஆய்வு. அதாவது, காசு *பத்திரிகைக்கு* வர வேண்டும்.

இப்போது ஆதர்டு ஆர்ட்டிகிளின் கணக்கைப் பாருங்கள். கிளையண்ட் ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கிறார். ஏஜென்சி நிபுணரைப் பிடிக்கிறது. பத்திரிகைக்குக் கட்டுரை இலவசமாகக் கிடைக்கிறது. எடிட்டர் கை சுத்தம். ஆக, விலை பெற்று வெளியிடப்பட்டது என்ற விளக்கத்துக்குள் இது வரவே வராது.

மற்ற சட்டங்கள்?

பத்திரிகை கவுன்சில், 1978 சட்டப்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது.

செபி 2010 ஆகஸ்டில் ஒரு கட்டளை கொண்டுவந்தது. ஒரு ஊடக நிறுவனம் வேறொரு கம்பெனியில் பங்கு வைத்திருந்தால், அந்தக் கம்பெனியைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்குப் பதில் பங்கு வாங்கும் 'பிரைவேட் ட்ரீட்டி' ஒப்பந்தங்களால் வந்த விதி இது. இது பத்திரிகையின் பங்கைப் பற்றிப் பேசுகிறது. கட்டுரையாளரின் தொடர்பைப் பற்றி இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இன்ஸ்டாகிராமில் ஒரு ஃபேஸ் க்ரீமைப் பரிந்துரைக்கும் பெண்ணுக்கு அந்தக் கம்பெனியோடு பணத் தொடர்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதே கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கும் பேராசிரியர், அழகுசாதனப் பொருள் வரியைக் குறைக்கச் சொல்லி நடுப்பக்கத்தில் எழுதினால்? அது விளம்பரம் ஆகாது, கருத்து. அந்த விதி அங்கே எட்டாது.

அமெரிக்காவில் லாபியிங் செய்பவர்கள் பதிவு செய்து, செலவுக் கணக்கு காட்ட வேண்டும் என்று 1995-ல் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒடிசா எம்.பி. காளிகேஷ் சிங் தேவ் 2013-ல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அமெரிக்கச் சட்டமும் முழுத் தீர்வு இல்லை என்பதற்கு டென்வர் கடிதமே சாட்சி.

அப்போ கம்பெனி கருத்தே சொல்லக்கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். தொழிற்சாலை நடத்துபவருக்கும், மருந்து தயாரிப்பவருக்கும் அரசின் கொள்கையால் பாதிப்பு உண்டு. அவர்கள் பக்கத்தைக் கேட்காமல் முடிவெடுப்பதும் சரியில்லை. அதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது, அதையும் ஃபேஸ்புக்கே காட்டியது.

2015 டிசம்பரில் 'ஃப்ரீ பேசிக்ஸ்' சர்ச்சை உச்சத்தில் இருந்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள், ஊரெங்கும் பேனர்கள். டிசம்பர் 28 அன்று மார்க் ஸக்கர்பெர்க் தன் பெயரிலேயே 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் கருத்துக் கட்டுரை எழுதினார். யார் பேசுகிறார், அவருக்கு என்ன லாபம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நிகில் பாஹ்வா போன்ற இணையச் சமநிலை ஆதரவாளர்கள் அதே தளத்தில் நேருக்கு நேர் பதில் எழுதினார்கள். வாதம் நடந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், வேறுபட்ட டேட்டா கட்டணங்களுக்குத் தடை விதித்தது.

ஃபேஸ்புக் தோற்றது. ஆனால் அந்த விவாதத்தில் வாசகர் யாரும் ஏமாற்றப்படவில்லை. மறைக்கப்பட்ட கட்டுரையில் அந்த வாய்ப்பே கிடையாது. எதிர்த்தரப்பு ஒரு பேராசிரியருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், பின்னால் நிற்கும் கம்பெனிக்கு இல்லை.

வாசகராக என்ன செய்யலாம்?

நூறு சதவீதம் கண்டுபிடிக்க வழி இல்லை. ஆனால் சில அறிகுறிகளைக் கவனிக்கலாம்.

*நேரம்:* மசோதா, ஏலம், கருத்துக்கேட்பு, நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா? ஒரு வாரத்துக்குள் ஒரே விஷயத்தில் ஒரே பக்கம் சாய்ந்த கட்டுரைகள் பல ஊர்ப் பேப்பர்களில் வருகின்றனவா?

*வார்த்தை:* சந்தேகமான ஒரு வாக்கியத்தை எடுத்துத் தேடுங்கள். அதே சொற்றொடர் தொழில் கூட்டமைப்பின் அறிக்கையிலோ வேறு ஒருவரின் கட்டுரையிலோ இருந்தால், டிராஃப்ட் ஒரே இடத்தில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

*எழுதியவர்:* 'பொருளாதார நிபுணர்', 'கொள்கை ஆய்வாளர்' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. எந்த நிறுவனம், அந்த நிறுவனத்துக்கு யார் நிதி, அவர் எந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். லிங்க்ட்இன்னிலேயே பாதி கிடைத்துவிடும்.

*விடுபட்டது:* எந்தக் கம்பெனியின் பெயரும் சொல்லாமல், ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் தீர்வைச் சொல்கிறதா?

பத்திரிகைகள் செய்யக்கூடியது இதைவிட எளிது. கட்டுரை முடிவில் ஒரு வரி. 'தி கான்வர்சேஷன்' தளத்தில் ஒவ்வொரு கட்டுரையோடும், எழுதியவர் யாரிடம் வேலை பார்க்கிறார், யாரிடம் நிதி பெறுகிறார் என்ற அறிவிப்பு இருக்கும். மருத்துவ ஆய்விதழ்களில் இது பல காலமாக நடைமுறை. இதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. கட்டுரை அனுப்புபவரிடம் எடிட்டர் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: இந்த விஷயத்தில் யாரிடமாவது பணம் பெறுகிறீர்களா? இந்த டிராஃப்ட்டை நீங்களே எழுதினீர்களா?

நீங்களே அந்த வேலையில் இருந்தால்?

இதைப் படிக்கும் சிலர் அந்த 800 வார்த்தை டிராஃப்டைப் போடும் மேஜையில் உட்கார்ந்திருக்கலாம். பஞ்சாரா ஹில்ஸிலோ நுங்கம்பாக்கத்திலோ ஒரு ஏஜென்சி, தமிழ் தெரியும் என்பதற்காகவே தமிழ்நாட்டுப் பேப்பர்களுக்கான கட்டுரையும் உங்கள் தலையில். அல்லது கல்லூரியில் பாடம் நடத்துகிறீர்கள், 'சார், உங்க பேர்ல ஒரு ஆர்ட்டிகிள், நாங்களே எழுதித் தர்றோம்' என்று ஒரு போன் வருகிறது.

2011 மே மாதம் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் சோகோயன் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு அப்படித்தான் ஒரு மின்னஞ்சல் வந்தது. உலகின் பெரிய பி.ஆர். நிறுவனங்களில் ஒன்றான பர்ஸன்-மார்ஸ்டெல்லர் அனுப்பியது. கூகுளின் ஒரு வசதி தனியுரிமையை மீறுகிறது என்று நீங்கள் ஒரு கட்டுரை எழுதுங்கள், எழுத உதவுகிறோம், பெரிய நாளிதழில் வரவும் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அவர் கூகுளைக் கடுமையாக விமர்சிப்பவர்தான். கருத்தில் பாதி உடன்பாடுகூட இருந்திருக்கலாம்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் கிளையண்ட் யார்?

சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அவர் அந்த மின்னஞ்சல்களை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார். சில நாட்களில் கிளையண்ட் யார் என்று உலகத்துக்கே தெரிந்தது. ஃபேஸ்புக். பெயரை மறைத்து வேலை செய்வது எங்கள் வழக்கம் இல்லை, அந்த வேலையை ஏற்றிருக்கவே கூடாது என்று பி.ஆர். நிறுவனமே ஒப்புக்கொண்டது.

டென்வர் கடிதம் வந்தது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து. அதே கிளையண்ட், வேறு ஏஜென்சி. கையெழுத்துப் போட்டவர்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்களா என்பது தெரியவில்லை. உங்களுக்குப் போன் வந்தால், முதலில் அதைக் கேளுங்கள். பதில் வந்தால், கட்டுரையின் கடைசி வரியில் அதை எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.